இலையை மறைத்த கை

30 ஜனவரி 2025, வியாழன்

இன்சுலின் தொடங்கியது நவம்பர் 30, சனிக்கிழமை. இன்று காலை தீபு யாரிடமோ ஃபோனில் "அப்பா ஊசி போட ஆரம்பிச்சு ஒரு மாசம் இருக்கும்" என்றான். திருத்தினேன். பெற்ற மகனுக்கு ஒரு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து பிறருடைய பத்திரங்களில் தேதி சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். என் வீட்டிலேயே தேதி தவறிப் பேசினால் பொறுக்க முடிவதில்லை.

தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு கன்றல். வலது புயத்திலும் ஒன்று, சற்றுச் சிறியது. வலி இல்லை, பார்க்க நன்றாக இல்லை. பகவதி கோயிலுக்குள் ஆண்கள் சட்டை கழற்றித்தான் போக வேண்டும். ஆகவே நேரியலைத் தோளிலிருந்து இறக்கி வயிற்றையும் புயத்தையும் மறைத்துக்கொள்கிறேன். ஊசி போட்டுக்கொள்வது ஊருக்குத் தெரிய வேண்டிய காரியமன்று.

மருமகள் பிரசீதா "நான் போட்டுத் தாறேன் மாமா" என்று இன்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் பஞ்சாயத்துப் பகல்வீட்டின் பொறுப்பாளர். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் வீட்டு முதியவர்களைக் காலையில் அங்கே கொண்டு விடுவார்கள், மாலையில் அழைத்துப் போவார்கள். இருபது கிழவர்களைக் கட்டி மேய்க்கிறாள். நான் இருபத்தோராவது ஆள் இல்லை.

ஞாயிறன்று மோகனன் மகள் கல்யாணம், நெய்யாற்றின்கரையில். மோகனன் எனக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தவன். அவன்மீது விரோதமில்லை, பிரியமும் இல்லை. நான் போவது பாயசத்துக்காக. போளியும் அதன்மேல் பால்பாயசமும். அதற்காக இன்றிலிருந்து இரவுச் சோற்றை நிறுத்திவிட்டேன். கோதுமை தோசை, அதுவும் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல். அரை அகப்பைப் பாயசத்துக்கு இது நியாயமான விலை.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு (கொல்லம் 1200, மகரம் 20)

ஆறின பிறகு எழுதலாம் என்று மாலைவரை காத்திருந்தேன். ஆறவில்லை.

முதல் பந்தி. சோறு ஒரு கைப்பிடிக்குமேல் வாங்கவில்லை. அவியல், தோரன், புளிச்சேரி, எல்லாம் பேருக்கு. போளி வைத்தார்கள். விளம்புகிறவர் பால்பாயச வாளியோடு என் முன் நின்றார். அகப்பை சாய்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் இலையை மூடியது. வளையல் போட்ட கை.

"மாமாவுக்கு வேண்டாம். ஷுகராக்கும்."

சொன்னது விளம்புகிறவரிடம். கேட்டது பந்தி முழுவதும். பாயசம் இரண்டு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறு கையால் என் இலையிலிருந்த போளியையும் எடுத்துப் பக்கத்து இலையில் வைத்துவிட்டுப் போனாள்.

உபசரித்தபடி வந்த மோகனன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சாருக்க இலைக்கு இப்ப காவலு உண்டு, கேட்டியளா" என்றான். வரிசை சிரித்தது. ஒரு காலத்தில் என் மேசைமுன் உட்காரச் சொல்லாமல் உட்காராதவன்.

என்ன தைரியம். என் இலை, என் வாய். நான் என்ன தொட்டில் பிள்ளையா? வீட்டில சொல்லியிருக்கலாம். காதுல சொல்லியிருக்கலாம். ஒரு பந்தி ஆளுக முன்னால — அதும் அவன் முன்னால! மூணு நாளா ராத்திரி பட்டினி கெடந்தேனே, அது அவளுக்குத் தெரியுமா? கேட்டாளா? கேக்க மாட்டா. விடப்போறதில்ல. விடவே போறதில்ல.

3 பிப்ரவரி 2025, திங்கள்

மறக்கவில்லை.

7 பிப்ரவரி 2025, வெள்ளி

கோயிலுக்கு நேரியல் எடுத்துப் போக மறந்துவிட்டேன். உண்மையான மறதி. இதைக் குறித்து வைப்பது அவசியம்.

பிரகாரத்தில் கிழக்கு வீட்டு ஓமனா எதிரே வந்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். புயத்தைப் பார்த்தாள். "சாரே, இதென்ன பாடு? நீலிச்சுக் கெடக்குதே" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். குரலைத் தாழ்த்தி, "வீட்டில ஒங்கள நல்லாத்தானே நோக்குதினும்?" என்று கேட்டாள்.

இன்சுலின் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வளையல் கை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஒரு பெருமூச்சு வந்தது. அதை நான் வரவழைக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

12 பிப்ரவரி 2025, புதன்

ஓமனாவிடம் ஒரு செய்தி தங்காது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு விரைவில் பெருங்கடவிளைச் சந்தைவரை போகும் என்று தெரியாது. அங்கே சேனைக்கிழங்கு பார்த்துக்கொண்டிருந்தபோது அதிகம் பழக்கமில்லாத ஒருவர் என் தோளைத் தொட்டு, "மருமவ கை வைக்குமா சாரே?" என்று கேட்டார். கண்ணில் உண்மையான இரக்கம் இருந்தது.

"என்னத்தைச் சொல்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் அது ஒப்புதல் ஆகாது.

அவள் கை என் இலைமேல் இருந்தது சில கணம்தான். இந்தப் பேச்சு எத்தனை நாள் இருக்கிறது, பார்ப்போம்.

19 பிப்ரவரி 2025, புதன்

சுகாதார நிலையம். சிஸ்டர் ஜெம்மா என் வயிற்றைப் பார்த்ததும் முகம் சுளித்தார். எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டு, என்னையே செய்து காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

இன்சுலின் பேனாவின் ஊசிமுனை ஒருமுறைக்கு மட்டும். அடுத்த முறை அது மழுங்கியிருக்கும், தோலடியிலுள்ள மயிரிழைக் குழாய்களைக் கிழிக்கும். உள்ளே கசிகிற அந்த இரத்தம்தான் வெளியே நீலமாகத் தெரிவது. போட்ட இடத்திலேயே மறுபடி போடக்கூடாது, ஒரு விரலாவது தள்ளிப் போக வேண்டும், தொப்புளை ஒட்டி வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்த பேனாவை அப்படியே எடுத்துக் குத்தக்கூடாது. ஸ்பிரிட் துடைத்தால் அது உலரும்வரை பொறுக்க வேண்டும். நேராகப் போய் நேராக வர வேண்டும். மருந்து இறங்கியபின் பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். பஞ்சை வைத்து மெல்ல அமர்த்தலாம். தேய்க்கவே கூடாது. நான் இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரை இரத்தத்தை இளக்குவது. அதனால் எனக்குக் கன்றல் எளிதில் வரும், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. கன்றிவிட்டால் முதல் நாள் துணியில் பொதிந்த பனிக்கட்டி. மறுநாளோ அதற்கடுத்த நாளோ இளஞ்சூட்டு ஒத்தடம். நிறம் மறையும்வரை அந்த இடத்துக்கு ஓய்வு.

"எல்லாம் மனசிலாச்சா சாரே? இவ்வளவு கவனமா ஒருத்தரும் கேக்கது கிடையாது" என்று என்னைப் பாராட்டினார். புது ஊசிமுனைப் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன்.

எல்லாம் மனசிலாயிற்று. எதையெல்லாம் செய்தால் கன்றும் என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் இதுவரை சொல்லித் தந்ததில்லை.

24 பிப்ரவரி 2025, திங்கள்

புதுப் பெட்டியைப் பிரிக்கவில்லை. பழைய முனையே வாரம் முழுவதும். பேனா குளிர்பெட்டியிலிருந்து நேரே வயிற்றுக்கு வருகிறது. இடமும் பழைய இடமே. எடுத்தபின் உள்ளங்கையால் நன்றாக, சந்தனம் அரைப்பதுபோலத் தேய்க்கிறேன்.

வலிக்கிறது. வலிக்கட்டும். அந்தப் பந்தியில் இதைவிட வலித்தது.

நிறம்: முற்றிய கத்திரிக்காய்.

7 மார்ச் 2025, வெள்ளி

நேரியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். இம்முறை மறதியில்லை.

நடையில் தொழுது நின்றபோது முதுகுப்பக்கம் பேச்சு நின்றது. திரும்பியபோது எல்லாரும் அம்மனைப் பார்த்தார்கள். பிரசாதம் தருகிற நம்பூதிரிகூட ஒரு கணம் தயங்கி, எப்போதையும்விட நிறையச் சந்தனம் தந்தார். இன்சுலின் என்று தீபு எங்கோ சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும், ஓமனா அருகில் வந்து, தன் தங்கையின் மாமியாரும் இன்சுலின் எடுக்கிறார், அவருக்கு ஒரு பொட்டு நீலம்கூட இல்லை என்றாள். யாரும் கேட்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி.

மாலையில் பிரசீதா பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி என் மேசைமேல் வைத்திருந்தாள். "கொஞ்சம் வச்சுக்கிடுங்க மாமா, பாக்க முடியல்ல" என்றாள். அவள் உள்ளே போனதும் பனிக்கட்டியைச் செம்பருத்திச் செடியின் அடியில் கொட்டினேன்.

13 மார்ச் 2025, வியாழன்

ஆற்றுக்கால் பொங்கல். ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வண்டியில் பொங்கலிடப் போவார்கள். பிரசீதா புதுப் பானையும் அடுப்பெரிக்க ஓலையும் வாங்கி வைத்திருந்தாள். வண்டி எங்கள் வாசலில் நிற்காமல் போயிற்று.

பானை அடுக்களை மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது.

எனக்கு இன்று நல்ல பசி இருந்தது.

21 மார்ச் 2025, வெள்ளி

வார்டு மெம்பர் பிந்து வீட்டுக்கு வந்தார். தீபு முன்பே அவரிடம் ஃபோனில் இன்சுலின் என்று விளக்கியிருக்கிறான். பெண்டாட்டிக்காகப் பேசுகிறான் என்று ஊர் சொல்லிவிட்டதாம். பகல்வீட்டிலிருந்து ஏழெட்டுப் பேரை வீட்டார் நிறுத்திவிட்டார்களாம். தன் மாமனாரை அடிக்கிறவளிடம் எங்கள் அம்மாவை எப்படி விடுவது என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

பிந்து என் சட்டையைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். திறந்தேன். அவர் கண் நிறைந்துவிட்டது.

"சாரே, பயப்படாண்டாம். நான் உண்டு. இது யாரு செய்தது?"

பிரசீதா வாசல்படியில் நின்றாள். "மாமா, ஊசி போட்டதுன்னு சொல்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு வாக்கு சொன்னா போரும்."

அவள் நிலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அதே வளையல்கள். நான் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டேன். பிறகு பிந்துவிடம், "வயசானவன். எனக்கு ஒண்ணும் வேண்டாம் மோளே" என்றேன்.

பிந்து எழுந்து பிரசீதாவைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

1 ஏப்ரல் 2025, செவ்வாய்

விசாரணை முடியும்வரை பகல்வீட்டுக்கு வர வேண்டாம் என்று பிரசீதாவிடம் சொல்லிவிட்டார்கள். அவள் வழக்கம்போலக் காலையில் சேலை கட்டி, தலை வாரி, பிறகு மாற்றிக்கொண்டு துணி துவைக்கப் போனாள்.

ஆக, இலைக்கு இலை.

இதில் என் கையொப்பம் எங்கும் இல்லை.

5 ஏப்ரல் 2025, சனி

நான் எதிர்பாராதது ஒன்று. அவள் இப்போது நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறாள். தட்டில் எத்தனை இட்லி என்று அவளுக்குத் தெரிகிறது. நான் அலமாரியில் வைத்திருந்த நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலம் காணாமல் போயிற்று. தட்டைப் பார்த்தால் ஒரு காவல், தேநீரைப் பார்த்தால் ஒரு காவல். மோகனனுக்குக் கருநாக்கு.

சர்க்கரையும் ஏறிக்கொண்டே போகிறது. மருந்தைக் கூட்டினேன். இறங்கவில்லை. ஏன் என்று புரியவில்லை.

9 ஏப்ரல் 2025, புதன்

மீட்டரில் வந்த எண்ணைப் பார்த்துப் பிரசீதா ஆட்டோ பிடித்து என்னை ஜெம்மாவிடம் கூட்டிப் போனாள். ஜெம்மா வயிற்றில் விரலை வைத்து அழுத்தினார். இடப்பக்கம் தோலுக்கடியில் இரண்டு கட்டி. நானே கவனிக்கவில்லை.

"ஒரே இடத்தில குத்திக் குத்தி கல்லாக்கி வச்சிருக்கிய. இதுக்குள்ள போட்டா மருந்து இரத்தத்துக்குப் போவாது. போனாலும் எப்ப போவும்னு சொல்ல முடியாது. நான் அவ்வளவு சொல்லித் தந்தேனே சாரே, நீங்கதானே எல்லாம் மனசிலாச்சுன்னு சொன்னிய?"

பிரசீதா என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் என் அலமாரியைத் திறந்து ஊசிமுனைப் பெட்டியை எடுத்தாள். மேல் தாள் பிரியாமல் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கல்யாணத்து இலைக்கு வேண்டியாக்கும் இது. இல்லியா மாமா?"

நான் அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

"அண்ணைக்கு காலையில மீட்டர் பாத்தது நானாக்கும். அந்த நம்பர் எனக்க மண்டைய விட்டுப் போவல்ல. அதுதான் பந்தியில அப்படிச் செய்துபோட்டேன். காதுல சொல்லியிருக்கணும். அது எனக்க தெற்று." பெட்டியைத் தரையில் வைத்தாள். "எனக்க தெற்றுக்கு ஒங்களுக்குப் போனது ஒரு எல. ஒங்க தெற்றுக்கு எனக்குப் போனது சோறு."

எழுந்து போகும்போது, "நாளை முதல் ஊசி நான் போடுவேன்" என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

11 ஏப்ரல் 2025, வெள்ளி

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தீபுவிடம்கூட. ஓமனா வேலிப்பக்கம் வந்தபோது ஒரு சொல் போதுமாயிருந்தது. சொல்லவில்லை. என் ஆயுதத்தையே எடுத்து வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி நடக்கிறாள்.

ஊசி: புது முனை, வயிற்றின் வலப்பக்கம் மேலே. பேனாவை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்திருந்தாள். பத்து எண்ணினாள், சத்தமாக, மெதுவாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. வலிக்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

14 ஏப்ரல் 2025, திங்கள். விஷு

கணி பார்த்துவிட்டு எழுந்தபோது உள்ளங்கை வியர்த்தது. கொன்றைப் பூ இரண்டாகத் தெரிந்தது. நாக்கு புரளவில்லை. பிரசீதா ஓடி வந்து என் தாடையைப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாள். மூன்று கரண்டிச் சர்க்கரை இருக்கும். குடிங்க, குடிங்க என்று அதட்டினாள்.

ஜெம்மாவை ஃபோனில் கூப்பிட்டார்கள். கட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டிய அளவு, நல்ல இடத்தில் போடும்போது அதிகமாகிச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டதாம். இதைப் புதன்கிழமையே எச்சரித்திருக்க வேண்டும் என்று அவரே வருத்தப்பட்டார். டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்தார்.

இவ்வளவு இனிப்பை ஒரே வாயில் அவள் கையாலேயே எனக்குத் தந்திருக்கிறாள். ருசி தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

26 ஏப்ரல் 2025, சனி

நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இன்று காலை கண்ணாடியில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கட்டிகளுக்கு மாதக்கணக்கு ஆகுமாம். அந்தப் பக்கத்தை அவள் தொடுவதில்லை.

"வெள்ளியாழ்ச்ச கோயிலுக்குப் போங்க மாமா. நேரியல் வேண்டாம்" என்றாள்.

புரிந்தது. நல்ல திட்டம். நானே அவளிடத்தில் இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன்.

2 மே 2025, வெள்ளி

போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

ஓமனா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஒரு பாடும் இல்லியே சாரே. இப்ப ஊசி யாரு போடுது?"

"மருமகள்."

"முன்ன?"

மோகனன் அங்கே நின்றான். இவன் ஏன் எல்லா இடத்திலும் நிற்கிறான்? பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் நான் இதுவரை இந்த விஷயத்தில் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

"நான்."

ஓமனா ஓரடி பின்னால் நகர்ந்தாள். மோகனன்தான் முதலில் பேசினான். "அப்ப சாரை அடிச்சது சாருதான்."

வாசலில் செருப்பைத் தேடி எடுக்க நெடுநேரம் ஆயிற்று.

5 மே 2025, திங்கள்

பிந்துவின் வீட்டுக்கு நானே போனேன். நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். என்னை உட்காரச் சொன்னவர் தேநீர் தரவில்லை.

தனக்கு நம்பிக்கை உண்டு என்றார். ஆனால் பகல்வீட்டுக்கு ஆளனுப்புகிற வீட்டாரிடம் இதைச் சொன்னால், அவள் பயமுறுத்திக் கிழவரைச் சொல்ல வைத்திருக்கிறாள் என்பார்களாம். ஜெம்மா சாட்சி சொன்னாலும், அவர் பிரசீதாவின் கூட்டுக்காரி என்பார்களாம். "சாரு மிண்டாம இருந்தப்ப எல்லாரும் விசுவசிச்சு. இப்ப சாரு பறஞ்சா ஒருத்தரும் விசுவசிக்க மாட்டினும்" என்றார்.

மௌனத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பத்திரமானால் ரத்துப் பத்திரம் எழுதலாம்.

திரும்பி வந்து பிரசீதாவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அப்ப நீங்க எனக்க கூடவே பகல்வீட்டுக்கு வரணும். நெதமும். ஆளுக கூடுத நேரம், எல்லாரும் காண, அங்க வச்சு ஊசி போடுவேன்."

இருபத்தோராவது ஆள்.

"முடியாது" என்றேன்.

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

2 ஜூன் 2025, திங்கள்

மழை. பிரசீதா ஒரு மாதம் மட்டும் பகல்வீட்டில் வேலை பார்க்க, பிந்து எப்படியோ பேசிப் பஞ்சாயத்திடம் சம்மதம் வாங்கியிருக்கிறார். பகல்வீட்டில் மீதி இருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களை விட வந்த மகன், மகள், மருமக்கள் எல்லாரும் குடை மடக்காமல் நின்று பார்க்க, நான் நாற்காலியில் சட்டையைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். பிரசீதா புது முனையை எல்லாரும் காணப் பிரித்தாள். பத்து எண்ணினாள். இரண்டாம் நாளிலிருந்து அவர்களும் கூடச் சேர்ந்து எண்ணுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பழிவாங்குவதில் இவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் யேசுவடியான் என்று ஒருவர். கடற்கரைக்காரர், வள்ளத்தில் போனவர், இப்போது இங்கே மகள் லிஷா வீட்டில் இருக்கிறார். எப்போதும் மேல் பொத்தான் இரண்டும் திறந்தபடி. "வாரும், வாரும். ஒம்ம வயிறுதானே ஊரக் கலக்கின வயிறு" என்று வரவேற்றார்.

அவரும் இன்சுலின். போட்டு முடித்ததும் பரபரவென்று தேய்த்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

18 ஜூலை 2025, வெள்ளி

பகல்வீட்டிலிருந்து நின்றுபோனவர்களில் பாதிக்குமேல் திரும்பிவிட்டார்கள். "ஒரு மாதம்" என்ற சொல்லை இப்போது யாரும் எடுப்பதில்லை. வேலை அவளுடையது.

ஊசி மூலை இப்போது என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். நேற்று இடப்பக்கம் என்றால் இன்று வலப்பக்கம். பழைய முனையை யாராவது சட்டைப்பையில் ஒளித்தால் பிடுங்கி டப்பாவில் போடுகிறேன். ஸ்பிரிட் உலரும்முன் யாரும் குத்தக்கூடாது. யேசுவடியான் எனக்கு "ரெஜிஸ்ட்ராரு" என்று பேர் வைத்திருக்கிறார். நான் தலைமை எழுத்தர்தான். திருத்தினேன். "எங்க கரையில ஒரு எழுத்தரும் இப்பிடி வெரட்ட மாட்டான்" என்றார்.

அவர் வயிற்றில் இப்போது நீலம் இல்லை. காலை மீட்டர் எண் மட்டும் இறங்குவதில்லை. வீட்டில் திருட்டுத்தனமாக ஏதோ தின்கிறார். கண்டுபிடிப்பேன்.

22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

மோகனன் வழியில் பார்த்து நலம் விசாரித்தான். நலம் என்றேன். மேலே பேச இடம் தரவில்லை. அவனை மன்னிப்பதாக உத்தேசமில்லை.

3 செப்டம்பர் 2025, புதன்

திருவோணம் வெள்ளிக்கிழமை. பகல்வீட்டில் இன்றே ஓணச் சாப்பாடு. வாசலில் பூக்களம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நீள மேசை. தலைவாழை இலை. போளி உண்டு.

பாயச வாளியைப் பிரசீதாவே எடுத்து வந்தாள். என் முன்னால் நின்றாள். பேச்சு அடங்கியது, கதை தெரியாதவர் அங்கே யாருமில்லை. அவள் கேட்கவில்லை. போளியைப் பாதியாகக் கிள்ளி வைத்து, அதன்மேல் அரை அகப்பை விட்டாள். சரியான அளவு. எனக்கு நானே விளம்பியிருந்தாலும் அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். நல்ல பாயசம். கொஞ்சம் ஏலக்காய் கூடுதல்.

யேசுவடியான் என் வலப்பக்கம். அவருக்கும் அரை அகப்பை. அவள் மறுமுனைக்குப் போனதும், பின்னால் வாளியோடு வந்த லிஷாவிடம் இன்னொன்று வாங்கினார். பிறகு இலையைத் தட்டி மூன்றாவது கேட்டார். இன்று காலை அவருக்கு மீட்டரில் வந்த எண்ணைப் பார்த்தது நான். அதைப் பார்த்ததிலிருந்து என் மனம் சரியாக இல்லை. மகள் "கொண்டாட்டந்தானே" என்று அகப்பையைச் சாய்த்தாள்.

அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. என் கை அவர் இலைமேல் இருந்தது.

"இவருக்கு வேண்டாம். ஷுகர்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மேசை முழுவதும் சிரித்தது. பாயசம் என் புறங்கையில் விழுந்தது, சூடு. இழுத்துக்கொள்ள முடியவில்லை, இழுத்தால் அவர் வாங்கிவிடுவார்.

யேசுவடியான் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

8 செப்டம்பர் 2025, திங்கள்

ஓண விடுமுறை முடிந்து பகல்வீடு திறந்தது. யேசுவடியான் வந்தார். பொத்தான் எல்லாம் கழுத்துவரை போட்டிருந்தார். ஊசி மூலைக்கு வரவில்லை. வீட்டிலேயே போட்டாயிற்று என்றார். லிஷா போட்டாளா என்று கேட்டேன்.

"எனக்கு கை இல்லியா?" என்றார்.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, சட்டைக்கு மேலாகவே உள்ளங்கையால் வயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தார். நிதானமாக, அழுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் பிரசீதாவைத் தேடினேன். அவள் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனிக்கட்டியைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சட்டையைத் திறக்கவில்லை. துண்டு நனைந்து வேட்டியெல்லாம் ஈரமாயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.